நுரையீரலுக்கு உறவு

செவ்வாய்க் குடியிருப்பின் அரசு மருத்துவமனையில் அன்றும் காலையிலேயே வரிசை நீண்டிருந்தது. முழங்கால் தேய்ந்த துப்புரவு எந்திரன் ஒன்று முன்னால் நின்றது. அதன் பின்னால் பார்வை மங்கிய காவல் எந்திரன்கள். கடைசியில் தவமலர், மூச்சுக்குத் திணறும் கணவன் பஞ்சலிங்கத்தைத் தோளில் தாங்கியபடி.

முல்லைத்தீவைக் கடல் கொண்டபோது விண்கலம் ஏறிய அகதிகள் அவர்கள். சுரங்க வேலைக்காகப் பஞ்சலிங்கத்துக்குக் குடியிருப்பு நிர்வாகமே செயற்கை நுரையீரல் பொருத்தியிருந்தது. இப்போது அதில் செம்மண் தூசு அடைத்துவிட்டது.

"ஐயா, இவருக்கு மூச்செடுக்கேலாமல் கிடக்கு. ஒருக்காப் பாருங்கோ."

பதிவாளன் தயங்கினான். "உங்களுக்கு இன்னும் குடியுரிமை வரலையேம்மா."

"மருத்துவம் ஒவ்வொருவருக்கும் உரிமையெண்டு உலக உடன்படிக்கையில இருக்காம். முகாம் வக்கீல் வாசிச்சுக் காட்டினவர்."

"இருக்கு. நாங்களும் கையெழுத்துப் போட்டிருக்கோம்." அவன் குரல் தாழ்ந்தது. "ஒவ்வொருவர்னா, இங்கே பதிவான ஒவ்வொருவர்."

அப்போது வாசலில் இருந்த உணர்கருவி பஞ்சலிங்கத்தின் மார்பை அலசிக் கூவியது: "பதிவுபெற்ற எந்திரம். கடும் பழுது." எந்திர உரிமைச் சட்டப்படி எந்த எந்திரத்துக்கும் சிகிச்சை மறுக்கக் கூடாது. கதவுகள் தாமாகத் திறந்தன; தள்ளுகட்டில் ஓடி வந்தது.

"இஞ்சருங்கோ, உள்ள கூப்பிடினம்!" கணவனின் நெற்றி வியர்வையை முந்தானையால் துடைத்துவிட்டாள். அவன் சிரிக்க முயன்றான்.

நண்பகலில் மருத்துவர் வெளியே வந்தார். "நுரையீரல் பிழைச்சிருச்சும்மா."

"அவர்?"

மருத்துவர் தரையைப் பார்த்தார். "கழற்றித்தான் சுத்தம் செய்யணும். அதுவரைக்கும் மூச்சுக் கொடுக்கிற கருவியைக் குடிமக்களுக்கு மட்டும்தான் பொருத்தலாம்."

தவமலர் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

கண்ணாடிப் பேழையில் நுரையீரல் சீராக விரிந்து சுருங்கிக்கொண்டிருந்தது. பதிவாளன் அவளருகே வந்து குந்தினான். "இது தேறுற வரைக்கும் பழகின ஆள் பக்கத்துல இருக்கணும்னு சட்டம். உங்களுக்கு அறை, சாப்பாடு, வைத்தியம் எல்லாம் கிடைக்கும். இதுக்கு நீங்க என்ன உறவு?"

"மனிசி," என்றாள். அவள் ஊரில் மனைவியை அப்படித்தான் சொல்வார்கள்.

அவன் திரையில் நெடுநேரம் தேடினான்.

"மனிசின்னு ஒரு வகையே இல்லைம்மா. துணைக்கருவின்னு போட்டுக்கறேன். அப்பதான் எல்லா உரிமையும் வரும்."