ஏழு கல் பாரம்

படகின் அடிக்கட்டையை ஸ்பேனரால் தட்டினால் 'தொப்' என்று செத்த சத்தம் வரவேண்டும். உள்ளே ஈயம் இருக்கிறதென்று அர்த்தம். வந்ததோ, ஈரப் பாறையில் விரல்முட்டி பட்ட சத்தம். அதுவும் கோவர்த்தனன் தட்டி முடித்த பிறகு, ஒன்று கூடுதலாக.

கோவர்த்தனனுக்குக் கோபம் வந்தால் பக்கத்து வீட்டு எருமை இரண்டு நாளைக்குக் கறக்க விடாது. வரதய்யபாளையத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். இன்றைக்கு அந்தக் கோபம் முழுவதும் படகை விற்கிற சுரேஷ்பாபுவின் மேல். இந்தப் பழைய பாய்மரப் படகை வாங்கி, நாளைக்கே பழவேற்காடு ஏரியில் ஓட்டப்போகிறவள் கோவர்த்தனனின் ஒரே மகள் தரணி. அடிப்பாரம் பொய்யாக இருந்தால் ஒரு காற்றுக்குக் கவிழும்; கவிழ்ந்தால் நிமிராது.

"சீசம்ணா, முழுக்க சீசம்," என்று ஈயத்துக்குத் தெலுங்கில் சத்தியம் செய்தான் சுரேஷ்பாபு.

"உன் சீசத்துல இடி விழ! தரணி, பலகையத் தூக்கிப் பாரும்மா."

தரணி செல்போன் வெளிச்சத்தோடு படகின் வயிற்றுக்குள் இறங்கினாள். மூன்று வருடமாகக் கொட்டகையில் காய்ந்து கிடக்கிற படகு. ஆனால் பலகை பெயர்ந்ததும் பாசியும் சேறும் அப்போதுதான் அரைத்த மஞ்சளுமாக ஒரு குளிர்ந்த வாடை எழுந்து, தகரக் கூரை வரைக்கும் நிரம்பி, பிற்பகல் மூன்று மணி வெயிலையே மங்கலாக்கிவிட்டது.

"கல்லு நைனா. ஏழு கல்லு. மஞ்சள் பூசிக்கினு வரிசையா குந்தினு கீது."

"அடப்பாவி! கன்னிமாரையாடா தூக்கியாந்த?"

"ஏரிக்கரைல சும்மாதானே இருந்துச்சு அண்ணா! ஏழும் ஒரே வெயிட்டு," என்றான், திருப்பதி அபார்ட்மென்டில் பிறந்து வளர்ந்த சுரேஷ்பாபு.

கல்லாய் நிற்கிற கன்னித் தெய்வங்கள் ஏழு பேரைப் பிரிக்கக்கூடாது என்பது அந்தப் பக்கத்துக் குழந்தைக்கும் தெரியும். கோவர்த்தனனுக்கும் தெரியும். அவர் கோபத்துக்குத் தெரியாது.

"ஒண்ண எடுத்துக் குடும்மா. இவன் மூஞ்சிலயே போடறேன்."

"வாணாம் நைனா..."

"குடுன்றேன்!"

கொடுத்தாள். வீசினார். சுரேஷ்பாபு விலகினான். கல் சிமென்டுத் தரையில் விழுந்து இரண்டாகப் பிளந்தது. உள்ளே சிவப்பாக, ஈரமாக இருந்தது. அதைப் பார்த்த சுரேஷ்பாபு செருப்பைக்கூட எடுக்காமல் ஓடிப்போனான்.

படகு ஆடியது. தரையில், மரமுட்டின் மேல் நிற்கிற படகு. மெல்ல. அலையில் ஆடுவது போல.

"தரணி, மேல வா."

கோவர்த்தனன் படகின் விளிம்பைப் பிடித்தார்.

"எத்தினி கல்லுமா கீது?"

"ஏழு."

மகளின் குரல்தான். கூடவே இன்னும் ஆறு குரல்.

எட்டிப் பார்த்தார். செல்போன் எரிந்துகொண்டிருந்தது. ஆறு கல். ஏழாவது இடத்தில் தரணி. முழங்காலைக் கட்டிக்கொண்டு. மற்றவற்றின் உயரத்துக்குச் சுருங்கி. உச்சி முதல் பாதம் வரை மஞ்சள்.

தோளைத் தொட்டார். கல்.

கண் மட்டும் இன்னும் கண்ணாகவே இருந்தது. அப்பனைப் பார்த்தது. இமைத்தது.