தொட்டுச் சொல்

"அக்கா, உள்ள ஒரு கை இருக்கு."

பெட்டிக்குள்ளிருந்து கையை உருவிக்கொண்டு அந்தச் சிறுமி சொன்னதும் மற்றப் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். பாண்டீஸ்வரியும் சிரித்தாள். இந்தப் பெட்டிக்குள் கையை விட்ட பிள்ளைகள் பாம்பு என்றிருக்கிறார்கள், எலும்பு என்றிருக்கிறார்கள். கை என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

பெட்டி அவளுடைய யோசனைதான். மியூசியத்தில் கல்லூரி மாணவர்களுக்குச் சம்பளத்தோடு இன்டர்ன்ஷிப், வருகிற பள்ளிப் பிள்ளைகளுக்குப் பழம்பொருள்களைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அறிவிப்பு வந்தபோது, அவள் வகுப்பில் அவளும் சமீனாவும் தேர்வானார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பதைப் பிள்ளைகள் எவ்வளவு நேரம்தான் வெறித்துப் பார்ப்பார்கள்? அதனால் ஒரு மரப்பெட்டியில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, அதில் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டாள். உள்ளே ஒரு பானை ஓடோ பாசிமணியோ இருக்கும். பார்க்காமல் தடவி, என்னவென்று சொல்ல வேண்டும். 'தொட்டுச் சொல்' என்று பேரும் வைத்தாள். எல்லாரும் மெச்சினார்கள்.

பெட்டியின் பின்கதவைத் திறந்து பார்த்தாள். காலையில் வைத்த பானை ஓடு மட்டும்தான் கிடந்தது.

அடுத்து ஒரு பையன் கையை விட்டான். சிரித்துக்கொண்டிருந்த முகம் மெல்லச் சுருங்கியது.

"ஆமாக்கா, கைதான். சூடா இருக்கு. என் கையைப் புடிச்சுக்கிருச்சு." வெளியே எடுத்த விரல்களை மோந்து பார்த்தான். "பூண்டு வாசம் வருது. ஒரு விரல் பாதிதான் இருக்குக்கா."

பாண்டீஸ்வரி பின்கதவை மறுபடியும் திறந்து பார்த்தாள். பானை ஓடு மட்டும்தான்.

அவளுடைய அம்மா முத்துத்தாய்க்கு மோதிர விரல் பாதிதான். கப்பலூரில் டிபன் பாக்ஸ் மூடி அடிக்கும் கம்பெனியில் பிரஸ் மெஷின் கொண்டுபோன விரல் அது. போன வாரம் நைட் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்த அம்மா, மகள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டைப் பார்த்துவிட்டு, கம்பெனியின் நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல் பஸ் ஏறி மியூசியத்துக்கே வந்துவிட்டாள். நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பு. பாண்டீஸ்வரிக்குப் பக்கத்தில் சமீனா.

"யாருடி?" என்று கேட்டாள் சமீனா.

"எங்க தெருக்காரவங்க. இந்தப் பக்கம் ஏதோ வேலையா வந்தாங்களாம்."

டிபன் பாக்ஸை நீட்டிய கை ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு பாக்ஸைக் கொடுத்துவிட்டு அம்மா அந்தக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"ஆமாத்தா, பக்கத்து வீடு. அவுக அம்மாதேன் குடுத்துவிட்டாக."

சிரித்தபடியே போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்த வார்த்தையைப் பற்றி வீட்டில் ஒரு பேச்சில்லை. அது ஒன்றுதான் பாண்டீஸ்வரியைத் தின்றுகொண்டிருந்தது.

பெட்டிக்குள் கை வந்த அன்று, விளக்கு வைக்கும் நேரத்துக்கு நாகமலை புதுக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்தபோது பூண்டு ரசம் மணந்தது. தட்டு போட்டு அம்மா சோறு வைத்தாள். இடது கையால்.

கைகால் நடுங்கும் காய்ச்சலில்கூட அம்மா இடது கையால் சோறு பரிமாறியதில்லை.

"என்னம்மா, இந்தக் கையால போடுற?"

"சாப்புடுத்தா. ரசம் ஆறிரும்."

"வலது கைக்கு என்ன? காட்டு."

"எதுக்கு? நாலு பேரு பாக்குற மாதிரியா இருக்கு அது?"

குரலில் கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் பாண்டீஸ்வரி தாங்கியிருப்பாள். எட்டி முந்தானையைப் பிடித்தாள். துணி அமுங்கியது. மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை. காயமில்லை. தையலில்லை. வழவழவென்று தோல்.

"அங்கனயே இருக்கட்டும்" என்றாள் அம்மா. "நீதேன் சோத்தை மறந்துட்டுப் போயிர்றியே."

மறுநாள் யாரும் வருவதற்கு முன்பே மியூசியத்துக்குப் போய்விட்டாள். பழைய சுண்ணாம்புச் சுவரின் ஈர நெடியும், எங்கோ ஜன்னல் கதவு ஒன்று காற்றில் கிறீச்சிட்டுக் கிறீச்சிட்டு அடங்கும் சத்தமும், தூணுக்குத் தூண் விழுந்து கிடந்த நிழலும் அவளைப் பின்னால் இழுக்க, பெட்டிக்கு முன்னால் நின்றாள். துணியை விலக்கிக் கையை விட்டாள். உடனே இன்னொரு கை வந்து பற்றியது. காய்ப்பு ஏறிய உள்ளங்கை. பாதி விரலின் மொட்டை நுனி அவள் புறங்கையைத் தடவிக்கொடுத்தது, காய்ச்சல் நாள்களில் தடவிக்கொடுத்ததைப் போலவே.

பயம் போய் அழுகை வந்தது. "சொல்லிர்றேம்மா. இன்னைக்கு எல்லார்ட்டயும் சொல்லிர்றேன்."

கை ஒருமுறை அழுத்திவிட்டுப் பிடியை விட்டது.

பத்து மணிக்குப் பிள்ளைகள் வந்தார்கள், கூடவே அவர்களுடைய டீச்சரும். பெட்டி எப்படியென்று காட்டிக்கொடுக்க முதலில் சமீனாதான் கையை விட்டாள்.

"யா அல்லா!" துள்ளிப் பின்வாங்கினாள். "பாண்டி, கைடி! பொம்பளக் கை. யாரு கைடி இது?"

எல்லாரும் இவளைப் பார்த்தார்கள். எங்கம்மா கை. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். நீலக் கோட்டு கண்ணுக்குள் வந்தது. கிரீஸ் கறுப்பு வந்தது. 'அன்னைக்கு வந்தவங்க உங்க அம்மாவா?' என்று சமீனா கேட்கப்போகும் கேள்வியும் வந்தது.

"ரப்பர் கைடி. வெந்நியில நனைச்சு வச்சேன். சும்மா பயங்காட்ட."

டீச்சர் கைதட்டினார். பிள்ளைகளும் தட்டினார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. பெட்டிக்குள் மட்டும் பலகையை யாரோ விரலால் இரண்டு தட்டுத் தட்டினார்கள். மெதுவாக. பிறகு சத்தமில்லை.

சாயந்திரம் வீட்டில் தட்டில் சோறு போட்டு வைத்திருந்தது. அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முந்தானை தலைக்கு மேல்.

"அம்மா?"

தலை மட்டும் லேசாகத் திரும்பியது. நெற்றியிலிருந்து துணி நேராகத் தொங்கியது. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் துணி மேடு தட்டவில்லை.

சுற்றிப் போய்ப் பார்த்திருக்கலாம். அவள் போகவில்லை. தட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சோறு முழுவதையும் தின்றாள். அதற்குப் பிறகு விடியும் வரை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

காலையில் முதல் பிள்ளையாகச் சின்னப் பெண் ஒருத்தி பெட்டிக்குள் கையை விட்டாள். வெகுநேரம் தடவினாள். சிரிக்கவில்லை.

"கை இருக்கா பாப்பா?" பாண்டீஸ்வரி குனிந்து கேட்டாள்.

"கை இல்லக்கா."

பிடித்து வைத்திருந்த மூச்சு வெளியே வந்தது.

"மூஞ்சி இருக்கு."

சிறுமி கையை வெளியே எடுத்தாள். விரல் நுனிகள் நனைந்திருந்தன. ஒரு சொட்டு தரையில் விழுந்தது.

"அழுவுதுக்கா."

பின்னால் சமீனா வந்து நின்றாள். சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"இன்னைக்கு யாரு மூஞ்சியை வச்சிருக்க, பாண்டி?"

பாண்டீஸ்வரி வாயைத் திறந்தாள். காற்றில்லாத அந்த அறையில், ஓட்டையில் தொங்கிய கறுப்புத் துணி மெல்ல உள்ளே போனது. வெளியே வந்தது. உள்ளே போனது. அங்கேயே நின்றது.