பதினேழு வீதம்

யாருமே தொடாத எக்ஸிலரேட்டர் மிதியை யாரோ நூற்றுக்குப் பதினேழு வீதம் அழுத்தியிருப்பதாகக் காரோடு பொருத்திய ஸ்கேனர் காட்டியது.

நளீர் முதலில் சிரித்தான். மெக்கானிக்கின் காரே ஓடாது என்று மாம்புரி ஊர் முழுக்க நக்கல். அதற்காகத்தான் பழுதான எஞ்சின் கம்ப்யூட்டரைக் கழற்றி, வேறொரு காருடையதை மாட்டியிருந்தான். விடிந்தால் மனைவி சுல்பாவைப் பிள்ளைப்பேற்றுக்குப் புத்தளம் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். முதற்பிள்ளை, நேரத்துக்கு வாகனம் கிடைக்காமல் தவறிப்போனது. அந்த வேதனை அவனுக்கு இன்னும் ஆறவில்லை.

வயர்களைச் சுத்தம் செய்தான். கடைசியில், மிதி எவ்வளவு அழுந்தியிருக்கிறது என்று சொல்லும் த்ரொட்டில் சென்சரின் பிளக்கையே பிடுங்கினான். அப்போதும் பதினேழு. தென்னோலைகள் சரசரக்க, கடற்காற்று கருவாட்டு வாடையோடு முற்றத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. காருக்குள் மட்டும் கடலோரக் களப்புச் சேற்றின் புளித்த வாடை. உற்றுப் பார்த்தபோது அந்த எண் மெல்ல நடுங்கியது. வெகுநேரம் மிதித்துக் களைத்த கால் அப்படித்தான் நடுங்கும்.

குருநாகலில் வாங்கியது என்று சுல்பாவிடம் சொன்னது பொய். நுரைச்சோலைப் பக்கம் களப்புக்குள் பாய்ந்த காரிலிருந்து கழற்றிய கம்ப்யூட்டர் அது. செத்த சாரதியின் காலை மிதியிலிருந்து பிரிக்க ஆட்கள் படாத பாடு பட்டார்கள்.

கால் படாத மிதி எது, முழுக்க அழுத்திய மிதி எது என்று மாட்டிய கம்ப்யூட்டருக்குப் பழக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான். அதற்கு ஒருவர் மிதிக்க, ஒருவர் பார்க்க வேண்டும். அந்திநேர மஃரிப் பாங்கு கேட்டது.

"சுல்பா, கொஞ்சம் ஏறி மிதி."

"மஃரிப் நேரத்துல புள்ளத்தாச்சிய வெளிய கூப்புடுறீங்களே! உம்மா கண்டா ஏசுவா."

"ஒரு நிமிசந்தான்."

பிஸ்மில்லாஹ் சொல்லி, வயிற்றைப் பிடித்தபடி ஏறினாள். ஸ்கேனரை நீண்ட வயரோடு முன்சக்கரத்து மட்காட்டின் மேல் வைத்துக்கொண்டு, திறந்த பொனட்டுக்குப் பக்கத்தில் அவன் நின்றான்.

"மிதி."

நூறு.

"கால எடு."

நூறு.

"எடுன்னு சொல்றேன்!"

"எடுத்துட்டேங்க. ரெண்டு காலும் சீட்டு மேல ஈக்குது."

ஓடிப்போய்க் கதவை இழுத்தான். திறக்கவில்லை. கண்ணாடியோடு முகத்தை ஒட்டிப் பார்த்தான். அவள் கால்களை மடக்கி வைத்திருந்தாள். கீழே மிதி அடியோடு அழுந்திக் கிடந்தது. அதன் மேலிருந்து தண்ணீர் வழிந்தது.

திரும்பி ஓடி பேட்டரி வயரைப் பிடுங்கினான். விளக்குகள் அணைந்தன. ஸ்கேனர் அணையவில்லை.

எண் இறங்கியது. எண்பது. நாற்பது. பூச்சியம்.

அல்ஹம்துலில்லாஹ் என்று மூச்சு விட்டான்.

"இந்தாங்க," சுல்பாவின் குரல் கம்மியது. "என்ட கால விடுங்க."

அவனுடைய இரண்டு கைகளும் பேட்டரி மேல் இருந்தன.

பொனட்டுக்கு அப்பால் எட்டிப் பார்த்தான். சுல்பா சீட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வழுகிக்கொண்டிருந்தாள். வயிறு ஸ்டியரிங்கில் முட்டி நின்றது. அதற்குப் பிறகும் ஏதோ அவளைக் கீழே இழுத்தது.

மட்காட்டில் எண் ஏறத் தொடங்கியது. பேட்டரி இல்லாத எஞ்சின் உறுமியது.