வயிற்றுக்குப் போகும் காற்று

மெஷினை நிறுத்திய பிறகும் காற்றுச் சத்தம் நிற்கவில்லை.

வேல்பாண்டி பொத்தானை மறுபடி அமுக்கிப் பார்த்தான். பச்சை விளக்கு அணைந்துதான் இருந்தது. மூக்கிலிருந்து முகமூடியைக் கழற்றி, குழாயைப் பிடுங்கி, சுவரிலிருந்த பிளக்கையும் உருவிப் போட்டுவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். அப்போதும் சைக்கிள் டியூபில் முள் ஏறிய மாதிரி மெல்லிசாக ஒரு சீறல் அந்த அறைக்குள் இருந்துகொண்டே இருந்தது. ஜன்னல் பக்கம் போய்க் கேட்டான். பீரோப் பக்கம் போய்க் கேட்டான். எங்கே போனாலும் அதுவும் கூடவே வந்தது. அதன் பிறகுதான் அது தன் வயிற்றுக்குள்ளிருந்து வருவது அவனுக்குத் தெரிந்தது.

“சனியன் பிடிச்ச வாயு” என்றான்.

வேறென்னவாக இருக்கும்? நெஞ்சுக்குப் போகவென்று மெஷின் ராத்திரி பூராவும் தள்ளுகிற காற்றில் பாதி, வழி தவறி வயிற்றுக்குப் போய்விடுகிறது. விடியும்போது வயிறு உப்பிக் கல்லாக நிற்கும். கைலி இடுப்பில் நிற்காது, காக்கிச் சட்டையின் கடைசிப் பொத்தான் மாட்டாது, குனிந்து செருப்பைப் போட்டால் தொண்டைவரை புளிப்பு ஏறும். ஏப்பம் என்றால் சாதாரண ஏப்பமா? ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் ‘ஸ்ரீவில்லிபுத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர்’ என்று ஆள் கூப்பிட வாயைத் திறந்தால் ஊர்ப் பெயருக்கு நடுவில் ஏப்பம் வந்து விழும். டீக்கடையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். மற்றதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்; அதற்காகக் கூட்டத்தை விட்டு விலகி, சுவரோரம் போய் நின்றுவிட்டு வருவான்.

ஆள் கூப்பிடுவது அவன் வேலையே இல்லை. அவன் டிரைவர். இரண்டு ஊருக்கும் நடுவிலுள்ள ரோட்டில் கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவேன் என்று பேசித் திரிந்தவன், ஒருநாள் மத்தியானம் நிஜமாகவே கண் சொருகி, பஸ்ஸைப் புளியமரத்தில் உரசிவிட்டான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மதுரையில் டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, தூக்கத்தில் உனக்கு மூச்சு நின்று நின்று வருகிறது, மெஷின் மாட்டாமல் படுத்தால் ஒருநாள் நின்றது நின்றபடியே போய்விடும் என்றார். பஸ் முதலாளி ஹரிகிருஷ்ணன் அதற்கும் மேலே போனார். “மூணு மாசம் ஒருநாள் விடாம மாட்டித் தூங்கு. மெஷின்லயே கணக்கு ஏறுமாம்ல, அதைக் கொண்டாந்து காட்டு. பொறவு ஸ்டியரிங்கைத் தொடு. அதுவரைக்கும் ஸ்டாண்டுல நின்னு ஆள் கூப்பிடு.”

ஆக, மாட்டாவிட்டால் உயிரும் போகும், வண்டியும் போகும். மாட்டினால் வயிறு. ஒரு மனுசன் என்னதான் செய்வான்?

மெஷின் கம்பெனி ஆள் ஷமீருக்கு அவன் போன் போடாத நாளில்லை. ஷமீரும் பொறுமையாகத்தான் சொன்னான். சாயங்காலமே சாப்பிட்டு முடிங்கண்ணே. தலைமாட்டை உயர்த்துங்க. இடப்பக்கமா ஒருச்சாய்ச்சுப் படுங்க. சோடா குடிக்காதீங்க. நேரில் வந்து காற்றின் வேகத்தைக் குறைத்தும் வைத்தான். வாய் திறந்துகொள்ளாமலிருக்கத் தாடையைச் சுற்றித் தலையில் மாட்டுகிற பட்டை ஒன்றையும் கொடுத்தான். அதை மாட்டிப் படுத்த முதல் நாள் பெண்டாட்டி ஈஸ்வரி விளக்கைப் போட்டு எழுப்பிவிட்டாள்.

“கழட்டுங்க அதை. செத்தவியளுக்கு வாய்க்கட்டு கட்டுன மாதிரி இருக்கு. பாக்க முடியல.”

“எம்புட்டுப் பேரு சொல்றதைத்தான்ட்டி நான் கேக்குறது?” என்று கத்திவிட்டுப் பட்டையை அறுத்து எறிந்தான். கத்தியதற்குப் பிறகு வருத்தமாக இருந்தது. அவனுக்கு இந்த வியாதி என்று தெரிந்த நாளிலிருந்து அவளும் சரியாகத் தூங்கியதில்லை. மூச்சு வருகிறதா என்று காவல் காத்துக் கண்ணெல்லாம் குழி விழுந்து கிடந்தாள்.

பிறகு ஒருநாள் ஏப்பம் நின்றுபோயிற்று. காலையில் சந்தோஷப்பட்டான். மத்தியானத்துக்குள் புரிந்துவிட்டது, காற்று உள்ளே போகிறது, வெளியே வரவில்லை. ஓமத்தண்ணீர் குடித்தான். பெருங்காயத்தை மோரில் கரைத்துக் குடித்தான். மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. ராத்திரி அறையில் ஃபேன் சத்தத்துக்கும் மெஷின் சத்தத்துக்கும் அடியில், வேர்வையும் பிளாஸ்டிக்கும் கலந்த அந்த முகமூடி வாடைக்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டு அவன் கேட்டுக்கொண்டு கிடந்தான். வயிற்றுச் சீறல் இப்போது ஒரே சீராக இல்லை. வந்தது. நின்றது. திரும்பிப் போனது. மறுபடி வந்தது. மூச்சு முட்டி விழித்து எழுவதும் அதிகமாயிற்று. எழும்போது நெஞ்சுக்குள் ஒரு துளிக் காற்று இருக்காது.

ஷமீர் வந்து மெஷினில் ஏறியிருந்த கணக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“அண்ணே, சூப்பரா இருக்கு. ராத்திரி பூரா ஒரு தடவை கூட மூச்சு நிக்கல.”

“ஏலே, நான் மூச்சு முட்டி எந்திரிச்சு உக்காந்திருக்கேன். எனக்குத் தெரியாதா?”

“கனவா இருக்கும்ணே. ஆழமா, நிதானமா மூச்சு ஓடியிருக்கு. பச்சப்புள்ள தூங்குன மாதிரி.”

அவனை அடித்தால் என்ன என்று இருந்தது வேல்பாண்டிக்கு. டாக்டருக்கு மூச்சு கவலை, முதலாளிக்குக் கணக்கு கவலை, இவனுக்கு மெஷின் நன்றாக இருந்தால் போதும். வயிற்றுக் கவலை மட்டும் யாருக்கும் இல்லை.

தொக்கம் எடுத்துப் பாருங்கள் என்று ஈஸ்வரி ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். குடலில் செமிக்காமல் ஒட்டிக்கிடக்கிற தீனியைக் குழல் வைத்து உறிஞ்சி வெளியே எடுப்பது. கூமாப்பட்டியில் கருத்தம்மா என்று ஒருத்தி நன்றாக எடுப்பாளாம். “காத்தை எப்படிட்டி உறிஞ்சுவா?” என்று ஈஸ்வரியைக் கேலி பண்ணியவன், கடைசியில் அவளிடம் சொல்லாமல் தனியாகப் பஸ் ஏறிப் போனான்.

கருத்தம்மா வீட்டு முற்றத்தில் நல்ல வெயில். விளக்கெண்ணெய் வாடை கெட்டியாக நின்றது. மெஷினைப் பற்றிச் சொல்ல அவனுக்கு வெட்கம். “சாப்பாடு செமிக்கல ஆத்தா” என்றதோடு பாயில் படுத்துக்கொண்டான். அவள் வயிற்றில் எண்ணெய் தடவி நீவினாள். விரல் நீளப் பித்தளைக் குழல் ஒன்றைத் தொப்புளுக்கு மேலே நிறுத்தி, வாயை வைத்து உறிஞ்சினாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி வாயை வைத்தாள்.

அவள் கன்னம் ஒடுங்கியது. இன்னும் ஒடுங்கியது. கன்னத்துத் தோலுக்கு மேலே பல் வரிசை தடம் தெரிகிற அளவுக்கு ஒட்டிப்போயிற்று. கையால் பாயைத் தட்டினாள். அதுவும் வைத்தியம்தான் என்று அவன் நினைத்தான். பிறகு அவள் கண்களைப் பார்த்தான். அவள் இரண்டு கையையும் அவன் விலாவில் ஊன்றி, தலையைத் திருகி, தன்னைப் பிய்த்துக்கொண்டு பின்னால் விழுந்தாள். உதட்டைச் சுற்றி ரத்தம் கட்டி ஊதா வட்டம். சுவரில் சாய்ந்து, மூச்சு திரும்ப அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று.

“நான் உறிஞ்சலய்யா” என்றாள். “அதுதான் உறிஞ்சுச்சு.”

“எது?”

“உள்ள ஒண்ணு மூச்சு விடுது. அதுக்குக் காத்து யாரு குடுக்கா?”

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்து வந்துவிட்டான். திரும்பி வருகிற பஸ்ஸில் அவனுக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் பெரிதாக இருந்தது. மூன்று மாதம் நாளையோடு முடிகிறது. நாளைக் காலையில் முதலாளியிடம் காட்டவேண்டும். ஒரே ஒரு ராத்திரி. இதைப் போய் ஈஸ்வரியிடம் சொன்னால் மெஷினைத் தூக்கித் தெருவில் போட்டுவிடுவாள். போட்டுவிட்டால் அப்புறம் ஆயுசுக்கும் பஸ் ஸ்டாண்டில் கூவவேண்டியதுதான், தூக்கத்திலேயே போகாமலிருந்தால். அவன் சொல்லவில்லை.

அன்று ராத்திரி வாரைக் கொஞ்சம் இறுக்கியே மாட்டினான். காற்று மூக்கில் ஏறித் தொண்டையின் பின்புறத்தைக் குளிர்ச்சியாகத் தடவிக்கொண்டு கீழே இறங்கியது. நெஞ்சுக் குழியருகே அது வழி பிரிவதை அவனால் உணர முடிந்தது. கொஞ்சம் நெஞ்சுக்கு. மிச்சமெல்லாம் கீழே. ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சின் பங்கு குறைந்துகொண்டு வந்தது. எண்ணிக்கொண்டே கிடந்தவன் எப்போது அசந்தான் என்று தெரியவில்லை.

ஃபேன் நின்ற அமைதியில் விழித்தான். கரண்டு போயிருந்தது. மெஷின் இருட்டில் கிடந்தது. முகமூடியைப் பிடுங்கி எறிந்தான். எதிர்வீட்டு இன்வெர்ட்டர் விளக்கு ஜன்னல் வழியாகப் படுக்கையில் வெளிறி விழுந்திருந்தது.

சீறல் இல்லை. ஒரு சத்தமும் இல்லை.

மூச்சை இழுத்தான்.

நெஞ்சு எழவில்லை.

மறுபடி இழுத்தான். மூக்கில் காற்று போனது. தொண்டையில் போனது. நெஞ்சுக்குத் திரும்பவில்லை. நேராகக் கீழே. வயிறு ஏறியது. நின்றது. இறங்கியது. அவன் இழுத்த நேரத்துக்கு அல்ல. அதன் நேரத்துக்கு.

ஈஸ்வரி.

உதடு அசைந்தது. குரல் வரவில்லை. குரலுக்குக் காற்று வேண்டும்.

காதில் ரத்தம் இடித்தது. கால் மரத்தது. கையை நகர்த்தினான். படுக்கை விரிப்பில். மெதுவாக. அவள் புடவை. அவள் விரல்.

“என்னங்க, கரண்டு போயிருச்சா?” ஈஸ்வரி தூக்கத்தில் புரண்டாள். மெஷின் நின்றது உறைத்ததும் பதறி எழப் போனவள், அவன் வயிற்றில் கையை வைத்துப் பார்த்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

வயிறு ஏறியது. இறங்கியது. நிதானமாக, ஆழமாக.

“அப்பாடி” என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. “மெஷின் இல்லாமலே எம்புட்டு நல்லா மூச்சு விடுதிய. எல்லாம் சரியாப்போச்சுங்க. நாளைக்கு நீங்க வண்டி எடுத்துருவிய.”

அவன் விரல்கள் அவள் மணிக்கட்டைப் பற்றின. இறுக்கப் பார்த்தான். அவள் அதை ஆசையாகத் தட்டிக்கொடுத்தாள்.

“தூங்குங்க. நானும் செத்த நேரம் நிம்மதியாத் தூங்குதேன்.”

அடுத்த நிமிஷமே தூங்கிப்போனாள். எத்தனை மாதத்துத் தூக்கமோ. கையை மட்டும் எடுக்கவில்லை.

வேல்பாண்டியின் விரல்கள் அவள் மணிக்கட்டிலிருந்து ஒவ்வொன்றாக நழுவின. அவன் வயிற்றின் மேலே அவள் கை ஏறியது, இறங்கியது, ஏறியது.