உண்டியலில் போடாத முகம்

பீரோவில் புடவைகளுக்கு அடியில் அறிவுமதி ஒளித்து வைத்திருந்த தகட்டு முகத்தின் இடது கன்னத்தில் கறுப்பாக ஏதோ படிந்திருந்தது. முந்தானையால் துடைத்தாள். போகவில்லை. தண்ணீர் தொட்டுத் தேய்த்தபோது அந்த இடம் மட்டும் விரலுக்குச் சொரசொரப்பாக இருந்தது. அவளுடைய இடது கன்னத்தில் இருந்த அதே சொரசொரப்பு.

அது சமயபுரத்தில் வாங்கிய முகம். கண்ணோ காலோ, எங்கே நோவு வந்தாலும் அதை அச்சடித்த தகடு ஒன்றை வாங்கி, நோவு கண்ட இடத்தைச் சுற்றி உண்டியலில் போட்டுவிடுவார்கள். நோவு அதோடு போய்விடும் என்று நம்பிக்கை. அறிவுமதியும் முகத்தைச் சுற்றினாள். போடத்தான் மனம் வரவில்லை. ஒரு பொருக்கு இல்லாமல் மழுமழுவென்று இருந்த அந்தக் கன்னங்களை எப்படி விட்டுவிட்டு வருவது? பின்னால் கூட்டம் நெருக்கியது. தகட்டைக் கைப்பைக்குள் நழுவவிட்டு, வெறும் கையை உண்டியல் மேல் வைத்து எடுத்தாள். பக்கத்தில் நின்ற கணவன் ரஞ்சித் கவனிக்கவில்லை. அவன் அவள் முகத்துப் பக்கம் திரும்புவதையே நிறுத்தி வெகுநாளாயிற்று.

பிள்ளை பெற்ற பிறகு வந்த கரப்பான். முகமெல்லாம் வெடித்து நீர் கசிந்தது. தில்லைநகர் டாக்டர் ஷஹனாஸ் கொடுத்த களிம்பில் கசிவு நின்றது. நின்ற பிறகுதான் மிச்சத் தொல்லை தொடங்கியது. தோல் இறுகி உரிந்தது. தண்ணீர் பட்டாலே எரிந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்தது.

“சோப்பு வேண்டாம். முகம் கழுவின ஈரத்தோடயே க்ரீம் தடவுங்க. மெதுவாத்தான் ஆறும், அவசரப்படாதீங்க,” என்றார் டாக்டர். “இது தொத்தாது. குழந்தையைத் தாராளமாத் தூக்கலாம்.”

தூக்க விட்டால்தானே. “டாக்டர் ஆயிரம் சொல்லுவாங்க,” என்றாள் மாமியார் இருசம்மாள். “மூஞ்சி சரியாகட்டும். அதுவரைக்கும் புள்ள எங்கிட்ட இருக்கட்டும்.” அம்மா மண்டபம் சாலையை ஒட்டிய சந்தில் இருந்த அந்த ஒடுக்கமான வீட்டில், தவழத் தொடங்கிய மகள் கூடத்தில் இருந்தாள், பெற்றவள் பின்னறையில் கிடந்தாள். நடுவில் ஒரு கதவு. பார்த்துப் பார்த்துச் சொறிகிறாள் என்று அறைக் கண்ணாடியையும் ரஞ்சித் கழற்றிக்கொண்டு போய்விட்டான். அந்த இருவரையும் அவள் மனதார வெறுத்தாள்.

தகட்டில் கறை வந்த அன்றே கன்னத்து அரிப்பு நின்றது. மறுநாள் தகட்டின் நெற்றி பொரிந்தது, அவள் நெற்றி தெளிந்தது. அதன் பிறகு பீரோவைத் திறக்கும்போதெல்லாம் பாச்சை உருண்டை வாசத்தோடு அவளுடைய க்ரீமின் வாசமும், அதற்கடியில் காயாத புண்ணின் வாடையும் வந்தது. விரித்த செய்தித்தாள் மேல் மெல்லிய செதில்கள் உதிர்ந்து கிடந்தன. தகரத்திலிருந்து தோல் உரியுமா? அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. செதில்களை வழித்து ஜன்னல் வழியே போட்டாள். அவளுக்கு வேண்டியது மகள்.

முகம் கழுவினால் இப்போது எரியவில்லை. சில்லென்றும் இல்லை. சுடுதண்ணீரை அள்ளி அடித்தால் கை பொறுக்கவில்லை, முகத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆறிவிட்டது என்று எண்ணிக்கொண்டாள்.

வெயில் தாழ்ந்த ஒரு நாள் இருசம்மாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அறைக்குள் வந்து அவளை வெளிச்சத்துக்கு இழுத்துப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். ஒரு அடி பின்னால் போனாள்.

“சரியாத்தான் போயிருக்கு,” என்றாள், தயங்கி. “என்னமோ ஒரு மாதிரி பளபளங்குது.”

குழந்தையைப் பாயில் இறக்கிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அறிவுமதி மண்டியிட்டுக் கைகளை நீட்டினாள். குழந்தை அவளைப் பார்த்தது. உதடு பிதுங்கியது. வீறிட்டுக்கொண்டு பின்னால் நகர்ந்தது.

காவிரிப் பாலத்தில் ரயில் ஒன்று தடதடத்துப் போனது. அந்த ஓசை தேய்ந்து அடங்கிய பிறகு, அறையில் வேறொரு சத்தம் மிச்சமிருந்தது. மெல்லிய, விடாத, வறண்ட சத்தம். அறிவுமதிக்கு அது நன்றாகத் தெரியும். மாதக்கணக்கில் அவளே எழுப்பிய சத்தம்.

நகத்தால் சொறியும் சத்தம். பீரோவுக்குள்ளிருந்து.

குழந்தையும் கேட்டது. அழுகை நின்றது. தவழ்ந்து போய் பீரோக் கதவைத் தட்டியது. சிரித்தது.

திறக்கக் கூடாது. திறந்தாள்.

புடவைகள் விலகிக் கிடந்தன. தகடு நிமிர்ந்து சாய்ந்திருந்தது. அதன் கன்னங்கள் சிவந்திருந்தன. உதட்டு ஓரம் வெடித்து ஈரமாக இருந்தது. இமைகள் தடித்திருந்தன. தொட்டாள். சூடு.

குழந்தை பீரோவின் கீழ்த்தட்டைப் பிடித்து எழுந்து, தகட்டின் கன்னத்தில் உள்ளங்கையை வைத்தது. “ம்மா,” என்றது.

அது சொன்ன முதல் சொல்.

அறிவுமதி குழந்தையை வாரி எடுத்தாள். இறுக்கி அணைத்தாள். நான்தான்டி, நான்தான். குழந்தை திமிறியது. வெள்ளிக் காப்புப் போட்ட கையால் அவள் கன்னத்தில் ஓங்கி அடித்தது.

டங்.

வலிக்கவில்லை. இன்னொரு அடி. டங்.

“என்ன சத்தம் அது?” சமையலறையிலிருந்து இருசம்மாள். “என்னத்தக் கீழ போட்ட?”

பதில் சொல்ல வாயைத் திறக்கப் போனாள். திறக்கவில்லை. விரலால் தடவிப் பார்த்தாள். உதடு இருந்த இடத்தில் ஒரு மேடு. வழவழப்பாக. நடுவில் பிளவு இல்லை.

“ஒண்ணுமில்லிங்க அத்தை,” என்றது அவள் குரல், பீரோவுக்குள்ளிருந்து. “புள்ள விளையாடுது.”

குழந்தை அவள் தோளை உதைத்துத் தள்ளி, இரண்டு கைகளையும் அந்தக் குரல் வந்த பக்கம் நீட்டியது.