தலைவருக்கு பிரஷர்

"ஐயோ…!"

அலறியது, மைக்கைச் சோதித்துக்கொண்டிருந்த அறிவிப்பாளர். தலைவருக்கு அலற நேரம் கிடைக்கவில்லை.

ஹைட்ராலிக் மற்றும் நியூமேட்டிக் கருவி உற்பத்தியாளர் சங்கத்தின் ஆண்டு விழா ஒத்திகை. மேடைக்கு மேலே சங்கத்தின் சின்னமான இரும்புச் சக்கரம். அதைக் கவ்விப் பிடித்திருந்தது ஒரு காற்றழுத்த இடுக்கி.

பிடித்திருந்தது… சற்று முன்பு வரை!

இப்போது சக்கரம் கீழே. சக்கரத்துக்கும் கீழே தலைவர்.

இன்ஸ்பெக்டர் வந்தபோது, பிணத்தின் இரு பக்கமும் இரண்டு கோஷ்டிகள் நின்று வாதாடிக்கொண்டிருந்தன.

"அப்பவே சொன்னேன், எண்ணெய் அழுத்தத்துல தூக்குங்கன்னு. காத்தை நம்பினா இதான்" என்றார் துணைத் தலைவர். ஹைட்ராலிக் கோஷ்டி.

"எண்ணெய்னா ஒழுகும். மேடை பூரா வழுக்கியிருக்கும்" என்றார் பொருளாளர். நியூமேட்டிக் கோஷ்டி.

"வழுக்கினா இடுப்புதான்யா ஒடியும். உசிரு போகாது."

"ரெண்டு பேரும் கொஞ்சம் தள்ளிப் போய் சண்டை போடறீங்களா? பொணத்தைப் பார்க்கணும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

அங்கே இடுக்கிக்குப் போகும் காற்றின் அழுத்தமானி. ஆறு என்ற எண்ணில் சிவப்புக் கோடு. முள்ளோ இரண்டில் கிடந்தது.

"இதை யாரு இறக்கினது?"

"நான்தான் சார்."

சங்கத்தின் செயலாளர். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏன் இறக்கினே?"

"தலைவர் வீட்டு மேடம் போன் பண்ணாங்க சார். 'தம்பி, தலைவருக்கு பிரஷர் ஜாஸ்தியா இருக்கு, உடனே இறக்குங்க'ன்னாங்க. ஓடிப்போய் இறக்கினேன்."

"பிரஷர்னா மாத்திரை குடுப்பாங்க. எவனாவது வால்வைத் திருகுவானா?"

"எங்க சங்கத்துல பிரஷர்னா… இது ஒண்ணுதான் சார்."

இரண்டு கோஷ்டிகளும் முதல் முறையாக ஒற்றுமையாகத் தலையாட்டின.

"கோர்ட்டுல போய்ச் சொல்லு. மாட்டுய்யா விலங்கை."

"சார், சம்சாரம் மாசமா இருக்கா சார்… நான் வேணும்னு செய்யல…"

கான்ஸ்டபிள் நெருங்கினார்.

முன் வரிசை நாற்காலியில் தலைவரின் மனைவி. செய்தி கேட்டு ஓடி வந்தவருக்கு அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

"ஒத்திகையை வீட்டுல செல்போன்ல நேரலையா பார்த்துட்டிருந்தேன் சார். அவர் முகம் செவந்து போயிருந்துச்சு. மாத்திரை குடுக்கச் சொல்லித்தான் போன் பண்ணேன். இந்தத் தம்பி இப்படிப் புரிஞ்சுக்கும்னு யாரு கண்டா?"

இன்ஸ்பெக்டர் மனம் இளகினார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியும்மா அந்தக் கஷ்டம். நானும் பிரஷர்காரன்தான். போன வாரம் நூத்தி எழுபது. வீட்டுல உப்பையே கண்ணுல காட்ட மாட்டேங்கறாங்க. சாருக்கு எவ்வளவு இருக்கும்?"

"ஆறு" என்றார், கண்ணைத் துடைத்தபடி. "எப்பவும் ஆறுலதான் இருக்கணும். அதுக்குக் கீழ போச்சுன்னா…"

சட்டென்று நிறுத்தினார்.

"போச்சுன்னா?"



இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பிச் சுவரைப் பார்த்தார். சிவப்புக் கோடு… ஆறு!

"ஆறு பிரஷர்ல எந்த மனுஷனும் நிக்க மாட்டான்மா. சக்கரம்தான் நிக்கும்."

குழாயை மூடியதுபோல அழுகை நின்றது.

"அந்த இடுக்கியை வரைஞ்சதே நான்" என்றார் அவர், நிதானமாக. "எண்ணெய் எது, காத்து எதுன்னே அவருக்குத் தெரியாது. ஆனா நாளைக்கு அதுக்காக அவருக்கு விருது. எனக்கு முன் வரிசையில ஒரு நாற்காலி. அவர் சக்கரத்துக்கு நேர் கீழ வந்து நின்னாரு… போனை எடுத்தேன்."

செயலாளர் தொப்பென்று மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் கண் காட்ட, கான்ஸ்டபிள் விலங்கோடு இடம் மாறினார்.

துணைத் தலைவர் தொண்டையைக் கனைத்தார்.

"சார், இதென்ன சாதா விலங்கு? நம்ம கம்பெனியில ஹைட்ராலிக்ல ஒண்ணு பண்ணியிருக்கோம். பிடிச்சா விடாது."

"ஒழுகும் சார்" என்றார் பொருளாளர்.