உறைக்குள் படிந்த தூசி

உறை பிரிக்கப்படவே இல்லை. ஆனாலும் உள்ளேயிருந்த வடிகட்டித் தாள் சாம்பல் நிறமாகியிருந்தது. காற்றே படாத தாள் அது. மற்றத் தாள்களோடு ஒப்பிடவென்று வெள்ளையாகவே வைத்திருப்பது. கஜந்தினி அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தூசியில் ஒரு பெருவிரல் அடையாளம்.

யாழ்ப்பாணத்துக் காற்றுத் தூசியில் ஒருகாலும் அழியாத புளோரின் இரசாயனங்கள் எவ்வளவு கிடக்கின்றன என்று அளக்கிற ஆய்வுகூடம். ஏழு வருடமாக அங்கே போத்தல் கழுவி, தாள் நிறுத்துத் தேய்ந்தவள் கஜந்தினி. நோர்வே மாநாட்டுக்குத் தெரிவானவளோ நேற்று வந்த லவீனா. செய்தி வந்த அன்று எல்லோரும் கைதட்டினார்கள். கஜந்தினியும் தட்டினாள், உள்ளங்கை எரியும்வரை. மறுநாள், தாள் மாற்றுகிற சாட்டில் கொழும்புத்துறையில் லவீனா வீட்டு மொட்டைமாடிக்கு ஏறி, அங்கே அவளின் ஆய்வுக்கென்று வைத்திருந்த காற்றுறிஞ்சும் மெஷினைத் திறந்து, மழைக்கோட்டுக்கு அடிக்கிற ஸ்பிரேயைத் தாளில் அடித்துவிட்டு வந்தாள். அதிலும் அதே இரசாயனம்தான். அளவு தாறுமாறாய் ஏறும். லவீனாவுக்குப் பொய்க்காரி என்று பெயர் வரும். வரட்டும்.

இப்போது அந்த ஸ்பிரேயின் தித்திப்பு மணம் பூட்டிய அறைக்குள் மெல்ல மெல்லப் பரவி, நாக்கின் அடிவரை இறங்கியது. தன் பெருவிரலைத் தாளருகே வைத்தாள். கண்ணாடி கீறிய தழும்பு. தூசியிலும் அதே தழும்பு.

போன் அடித்தது.

"அக்கா, சொல்லாமல் வந்திட்டியள்?" லவீனா சிரித்தாள். "மெஷினுக்குக் கிட்ட நிக்கிறியள். கூப்பிட்டாலும் திரும்புறியளில்லை."

"நான் லாப்பிலை நிக்கிறன்."

"பகிடி விடாதேங்கோ. பொறுங்கோ, ஏறி வாறன்."

தொடர்பு அறுந்தது. திரும்ப எடுத்து, ஏறாதை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஏறட்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. சின்னதாக. ருசியாக. அது அடங்கிய பிறகுதான் ஸ்கூட்டியை எடுத்தாள்.

வாசலில் லவீனாவின் தாய் யசிந்தா தேத்தண்ணிக் கோப்பைகளோடு திகைத்து நின்றா. "நீர் மேலையெல்லோ நிண்டனீர், பிள்ளை?"

படிகள். மெஷின் இரைச்சல். பிறகு அதுவும் இல்லை.

மாலை வெயிலில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருத்தி லவீனா. வாய் திறந்தபடி. முழுக்கச் சாம்பல். கடற்காற்றில் அவள் விரல்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து பறந்தன.

மற்றவள் அவள் வாயிலிருந்து தன் வாயை எடுத்தாள். திரும்பினாள். கஜந்தினியின் முகம். கஜந்தினி கண்ணாடியில் ஒருநாளும் கண்டிராத செழிப்போடு, வயிறு நிறைந்த சிரிப்போடு.